மஸ்கட்டில் அப்பாவுக்கு ஒரு மேசை

அப்பா செத்து எட்டாம் நாள்; இன்று அவரின் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததைப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிடுவாராம்.

அப்பாவுக்குப் பிடித்தது அறுக்குளா மீன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. ஆனால் சண்டையென்று நேவி கடலுக்குத் தடை போட்டு, மூன்று கிழமையாக ஒரு படகும் போகவில்லை. டின்மீனைத்தான் படைத்தேன்.

பின்னேரம் நெற் கபேயில் தம்பியோடு கதைத்தேன். மஸ்கட்டில் வெளிநாட்டுப் பயணிகள் வரும் பெரிய உணவகத்தில் பரிமாறுகிறான். அப்பாவை என் தலையில் கட்டிவிட்டுப் போனவன். செத்தவீட்டுக்கும் வரவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை.

"என்ன படைச்சனீங்கள், அண்ணா?"

"டின்மீன்."

ஒரு படம் அனுப்பினான். கடல் தெரியும் யன்னலோர மேசை, வெள்ளை விரிப்பு, ஒரு கதிரை, தட்டு நிறைய அறுக்குளா.

"ஒரு ஆள் வருவாரெண்டு மனேஜரிட்டச் சொல்லி மேசையைப் பிடிச்சு வைச்சனான். அரை மணித்தியாலம் பக்கத்திலேயே நிண்டனான்."

"பிறகு?"

"ஒருத்தரும் வரேல்லையெண்டு மனேஜர் ஏசினார், அண்ணா."

அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை.

ஆமி தரும் பாஸ் இல்லாமல் அக்கரையிலிருக்கும் மூதூருக்கே போக முடியாதவர் அப்பா. ஆனாலும் சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் எங்கே போய்ச் சாப்பிட்டிருப்பீர்கள்?