ஆயில் சீல் மாற்றிய சனிக்கிழமை

நேற்று மத்தியானம் சாப்பாடு டெலிவரி கொண்டுவந்த தம்பியின் மோட்டார் சைக்கிளுக்குக் கீழே எண்ணெய் சொட்டியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பொட்டலம் வாங்க இறங்கி வந்தவள், முழங்கால் வலியையும் மறந்து குனிந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் விரலால் தடவி முகர்ந்து பார்த்தேன். அவன் மிரண்டுபோய், "சீல் போச்சு ஆன்டி, மாத்தணும்" என்றான், ஏதோ நான் சம்மன் எழுத வந்தவள் போல. மீன் எண்ணெயில் பழைய இரும்பை ஊறப்போட்ட மாதிரி ஒரு வாசனை. நல்ல வாசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு மட்டும் அதை முகர்ந்தால் மல்லிகைப்பூ ஞாபகம் வரும்.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வாசலுக்கு எதிரே ஒரு பூக்கடையின் பின்புறம். தண்ணீர் தெளித்த பூவின் மணமும் தண்டவாளப் பக்கத்து டீசல் புகையும் கலந்து மத்தியானம் முழுக்க வீட்டுக்குள் மிதக்கும். எண்பதுகளின் தொடக்கம். அந்தக் காலத்துச் சனிக்கிழமைகளுக்கு முடிவே கிடையாது. பாதி நாள் வேலை முடித்து வந்து படுத்தால், ரயில் பெட்டிகளை இணைக்கும் சத்தம் கனவுக்குள்ளேயே கேட்கும். கண் விழித்தால் வெயில் அதே சுவரில்தான் நிற்கும்.

நான் அப்போது ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். இவருக்கு அவரை இணைத்துவிடுவது என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் இல்லை. அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், நடுவில் நான். "கொண்ணனிட்டச் சொல்லு, கேற்றைப் பூட்டச் சொல்லி" என்பார் அப்பா. உன் அண்ணன் என்பதை அவருடைய யாழ்ப்பாணத் தமிழ் அப்படித்தான் சொல்லும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அண்ணன், "பூட்டிட்டேன்னு சொல்லு லா" என்பான். "பூட்டிட்டானாம் அப்பா" என்பேன். அம்மா இருந்திருந்தால் ஒரே அதட்டில் இரண்டு பேரையும் சரிசெய்திருப்பார். அம்மா போய்விட்டிருந்தார். எனக்கு அதட்ட வராது.

காரணம் சரசு. தெலுக் பங்லிமா காராங்கில் அண்ணன் வேலை செய்த தொழிற்சாலையில் அவளும் வேலை செய்தாள். அவளைப் பெற்றவர்கள் கேரி தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத் தொழிலாளிகள். அரசாங்க உத்தியோகத்தைத் தவிர எதையும் வேலை என்றே ஒப்புக்கொள்ளாத அப்பாவுக்கு, மகன் தொழிற்சாலைக்குப் போனதே பாதி அவமானம். தோட்டத்துப் பெண்ணைக் கட்டுவேன் என்றது மீதி. "எங்கட ஆக்களில பெட்டையளே இல்லையோ?" என்று கேட்டார். அதுதான் அவனிடம் நேராகக் கேட்ட கடைசிக் கேள்வி. தைப்பூசத்துக்கு முன் மூடிய வாய் தீபாவளி நெருங்கியும் திறக்கவில்லை.

சரசுவின் அப்பா நல்ல மனிதர், ஆனால் முறை பார்ப்பவர். "தம்பி, நீங்க தனியா வந்து கேட்டா குடுக்க முடியாது. வீட்டுப் பெரியவங்க தட்டு எடுத்துட்டு வரணும்" என்று சொல்லியிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன், இல்லையென்றால் பந்திங் பக்கத்து மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவேன் என்றும். அண்ணன் அதை அப்பாவிடம் சொல்லச் சொன்னான். சொன்னேன். அப்பா பேப்பரில் ஒரு பக்கம் புரட்டினார். அதை நான் எந்த வார்த்தையில் அவனுக்குக் கொண்டுபோவது?

தனியாகவாவது போய்க் காலில் விழுகிறேன் என்று சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் மோட்டாரைப் பின்வாசலில் பிரித்துப் போட்டான். தினமும் அவ்வளவு தூரம் ஓட்டினால் சீல் என்னதான் செய்யும்? பள்ளத்தில் விழும்போதெல்லாம் முன்பக்கம் டொக்கு டொக்கு என்று இடித்தது. எண்ணெய் வழிந்து பிரேக்கில் இறங்கியிருந்தது. முந்தின நாள் கிள்ளான் ரோட்டில் ஒரு லோரிக்குப் பின்னால் நிற்காமல் போய் மயிரிழையில் தப்பியிருந்தான். அப்பாவுக்குத் தெரியவேண்டாம் என்றான். நான் சொல்லிவிட்டேன். எல்லா லைனையும் ஆபரேட்டர் ஒட்டுக்கேட்பாள் என்று தெரிந்தும் என்னிடம் சொன்னது அவன் தப்பு.

மோட்டாரை மரப்பெட்டி மேல் ஏற்றி, முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் உருவி, கறுத்துப்போன எண்ணெயைப் பிஸ்கட் டின்னில் வடித்தான். ஒவ்வொரு காலும் குழாய்க்குள் குழாய். வெளிக்குழாயின் வாயில் இறுகப் பதிந்திருக்கும் ரப்பர் வளையம்தான் சீல். உள்குழாயை வெடுக் வெடுக்கென்று இழுத்தால் அது வளையத்தையும் முட்டித் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆனால் ஆளுக்கொரு முனை பிடிக்க வேண்டும், கயிறிழுப்பது மாதிரி. நான் ஒரு முனையைப் பிடித்தேன். அவன் இழுத்தான். சீல் வரவில்லை, நான்தான் வந்தேன்.

"பிடிக்கச் சொன்னா கூடவே வர்றியே!"

சாய்வு நாற்காலியிலிருந்து அப்பா, "கொண்ணனிட்டச் சொல்லு, கொஞ்சம் தேங்காயெண்ணெய் விடச் சொல்லி" என்றார்.

"எண்ணெய் ஒழுகுதுன்னுதானே கழட்டுறோம்னு சொல்லு."

"ஒழுகுதாம் அப்பா."

அடுத்த இழுப்பில் என் கை வழுக்கி முழங்கை சிமெண்டுத் தரையில் உரசி ரத்தம் வந்துவிட்டது. அப்பா பேப்பரை மடித்து வைத்தார். எழுந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். "தள்ளு பிள்ளை" என்று என்னிடமிருந்து முனையை வாங்கிக்கொண்டார். அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணனும் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இருவரும் இழுத்தார்கள். அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள். அண்ணனின் எண்ணெய்க்கை வழுக்கத் தொடங்கியது.

"விடாதையடா!" என்று அப்பா கத்தினார்.

"விடல, இழுங்கப்பா!"

பொளக்கென்று ஒரு சத்தம். சீல் வந்தது. அப்பா ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமும் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்கள். மிச்சமிருந்த எண்ணெய் அப்பாவின் வேட்டியிலும் மூக்கிலும். பூக்கடை அக்கா கூட எட்டிப் பார்த்தாள். வெயிலில் ஒரு ரயில் மெல்லப் போய்க்கொண்டே இருந்தது, முடியாத ரயில். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இப்போது நான் வாயைத் திறந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பயம்.

அப்பா கையிலிருந்த குழாயைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மற்றதைக் கொண்டா."

கொண்ணனிட்டச் சொல்லு என்ற பேச்சே இல்லை. அண்ணன் எழுந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது காலை எடுத்து வந்தான். அவன் துடைத்தது எண்ணெயை மட்டுமல்ல.

மறுநாள் காலை அப்பா புது வேட்டியில் மோட்டாரின் பின்னால் ஏறினார். பூக்கடையில் வாங்கிய மல்லிகைச் சரத்தையும் வெற்றிலை பாக்கையும் தட்டில் வைத்துத் துணியால் கட்டி அவர் மடியில் வைத்தேன். எத்தனை சவுக்காரம் போட்டும் அவர் கையில் ஃபோர்க் எண்ணெய் வாசனை போகவில்லை, மல்லிகையோடு சேர்ந்து அடித்தது. வாசல் பள்ளத்தில் மோட்டார் இறங்கி ஏறியது. டொக்கு இல்லை. அப்பா ஒரு கையால் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்று மாலை அவர்கள் திரும்பி வந்து, சரசு வீட்டுக் கோழிக்குழம்பைப் பற்றி இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டபோது, வேலை போன ஆள் மாதிரி நான் அடுப்படியில் நின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேனே.

குவார்ட்டர்ஸ் போய்விட்டது. அந்த இடத்தில் நிற்கும் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பூக்கடை போயிற்று. மோட்டார் பழைய இரும்புக்குப் போயிற்று. ஆபரேட்டர் என்ற உத்தியோகமே போயிற்று.

அப்பா கடைசியாகக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டியது. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றான், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "கொண்ணனிட்டச் சொல்லு, மழை வருது, மெல்லப் போகச் சொல்லி."

அண்ணன் அந்தக் கையை விடாமல், "சரின்னு சொல்லு" என்றான்.

"சரியாம் அப்பா."

நேற்று அந்தத் தம்பி போனபின் அண்ணனைக் கூப்பிட்டேன். வழக்கமான பேச்சுத்தான், சர்க்கரை, பிரஷர், சரசு அண்ணியின் முதுகுவலி. எண்ணெய் வாசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்தபிறகுதான் உறைத்தது: அவனைக் கொண்ணன் என்று என்னிடம் சொல்ல இந்த ஊரில் இனி ஒருவரும் இல்லை.