முடி முளைத்த சகோதரன்

இருபத்தைந்து வயதிலேயே பீப்பாய் செய்யும் ரனூச்சோவின் தலை வழுக்கையாகிப் பளபளத்தது. பெண் கேட்டுப் போன வீடுகளில் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள். சிரிக்காமல் அவனை உள்ளே கூப்பிட்டது வழுக்கையர் சகோதர சபை மட்டும்தான்.

வால்செரா மலையூரில் அந்தச் சபைக்குத் தனி மரியாதை. ரோமாபுரிக்கு நடந்து போகும் யாத்ரீகர்கள் வழியில் நாதியற்றுச் செத்தால், சுமந்து போய்ப் புதைப்பது அவர்கள்தான். பனி கொட்டினாலும் பாடை தூக்கும்போது தொப்பி கூடாது. ஆண்டவன் எடுத்துக்கொண்டதை மறைப்பது பாவம். அதனால் சவ ஊர்வலத்தில் ஜெபத்தைவிடத் தும்மல்தான் அதிகம் கேட்கும்.

நாற்பதாவது வயதில் ரனூச்சோவுக்கு ஜெம்மா என்ற விதவை வாய்த்தாள். அவன் ஓயாத சளியைப் பார்த்து இரக்கப்பட்டு, எண்ணெயில் வெங்காயத்தைக் காய்ச்சித் தினமும் தலையில் தேய்த்துவிட்டாள். சளி போகவில்லை. முடி முளைத்தது.

அவன் பதறிப்போய் யாருக்கும் தெரியாமல் சிரைத்துக்கொண்டான். பெந்தெகொஸ்தே திருநாளன்று கத்தி மழுங்கிவிட்டது. ஊர்வலத்தில் பின்னால் வந்த சபைத் தலைவர், ரொட்டிக்கடை பிந்தோ, உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி, தலையில ஏதோ மொளைச்சிருக்கு?"

"வேர்க்குருண்ணே."

"வேர்க்குரு கறுப்பாவா இருக்கும்?"

சபை கூடியது. வழுக்கை ஆண்டவன் கொடுத்ததென்றால் முடியை யார் கொடுத்தது என்று ஒருவர் கேட்க, ஜெம்மா என்று இன்னொருவர் சொல்ல, மதியச் சாப்பாடு ஆறும்வரை வாதம் நடந்தது. கடைசியில் அவனைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ரனூச்சோ வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதான்.

"முடி வந்ததுக்கு அழுவுற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்," என்ற ஜெம்மா, எதற்கும் இருக்கட்டுமென்று எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றினாள்.

அந்தக் கோடையில் காய்ச்சல் பரவியது. சபையிலேயே பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். ஒருநாள் காலை பிந்தோவும் இன்னொரு கிழவரும் சத்திர வாசலில் ஒரு பாடையைத் தூக்க முடியாமல் திணறினார்கள். பட்டறையிலிருந்து ரனூச்சோ வந்து நின்றான். தலையில் சுருள் சுருளாக முடி.

பிந்தோ அவனை மேலும் கீழும் பார்த்தார். "தோள்ல ஏதும் முடி இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப சரி. தூக்கு."

காய்ச்சல் ஓய்ந்தது; சபை விதி மட்டும் மாறவில்லை. ஆண்டுதோறும் கூடி அவனை முறைப்படி நீக்குவார்கள். அடுத்த சாவு விழுந்ததும் ஆள் அனுப்புவார்கள். ரனூச்சோவும் ஒவ்வோர் ஆண்டும் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போய், நீக்கப்பட்டு, அவர்களோடேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவான்.