நாலு காலுக்கும் நாலு வெட்டு

என் கட்டிலை என்னைக் கேட்காமல் கழற்றினார்கள். இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர் திண்டிவனம். அறுபதுகளின் தொடக்கத்தில் என்னை விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கிணற்றடியில் நின்ற பூவரச மரத்தை வெட்டி, அறுத்துக் காயவைத்து, வாசலிலேயே தச்சரை உட்கார வைத்து அப்பா செய்த சீர்க் கட்டில் அது. திருகாணி ஒன்றுகூடக் கிடையாது. சட்டத்தின் நுனியைக் காலின் துளைக்குள் செருகி ஆப்பு அடித்தால் நிற்கும். எது எதோடு சேரும் என்று தெரிவதற்காகத் தச்சர் இரண்டிலும் உளியால் ஒரே மாதிரி வெட்டுப் போட்டிருந்தார். ஒரு காலுக்கு ஒரு வெட்டு, அடுத்ததற்கு இரண்டு, இப்படி நாலு வரைக்கும். மாற்றிச் செருகினால் ஆடும். விழுப்புரத்தில் அதைக் கூடவே நின்று மாட்டச் சொன்னவள் நான்தான்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். குழந்தைக்கு முப்பது கழிவதற்குள் என் நாத்தனாருக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடு திண்டிவனம்தான், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. பச்சை உடம்புக்காரி என்று என்னைக் கல்யாணத்துக்கு விழுப்புரம் அனுப்பவில்லை. முப்பது கழிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரைப் பார்க்கப் போனேன்.

கூடத்தில் ஒரு கட்டில் பிரித்துக் கிடந்தது. புது வார்னிஷ் மினுமினுத்தது. தலைமாட்டுப் பலகையில் கண் மாதிரி ஒரு கணு. அந்தக் கணுவைப் பார்த்துக்கொண்டுதான் நான் ஒரு வருஷம் படுத்து எழுந்திருக்கிறேன். எனக்கா அடையாளம் தெரியாது?

நாத்தனாரின் மாமியார், "வாம்மா, உங்க வீட்டு சீரப் பாரு. எப்பிடி மாட்டினாலும் ஆடிக்கினே இருக்குது. புதுசுன்னு சொல்லி எதையோ நம்ம தலையில கட்டிட்டாங்களான்னு இருக்குது" என்றாள்.

நாத்தனார் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நான் கேக்கல அண்ணி. அம்மா சொல்லிச்சி, அண்ணன்தான் கழட்டுச்சி. கீறலாட்டம் இருக்குதுன்னு மெழுகும் மரத்தூளும் வச்சி அடச்சி வார்னிஷ் அடிச்சாங்க" என்று அழுதாள்.

கீறலாம். அந்த வெட்டு இல்லாவிட்டால் அது வெறும் விறகு என்று அந்தப் புத்திசாலிகளுக்குத் தெரியவில்லை. என் புருஷன் அதற்கு நடுவில் குழந்தையைப் பார்க்க வந்து, அம்மா பொரித்த அப்பளம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுப் போனார். கட்டிலைப் பற்றி மூச்சுவிடவில்லை. கல்லுளிமங்கன்.

வாயைத் திறந்தால் இந்தப் பெண் புகுந்த வீட்டில் தலைநிமிர முடியாது. மூடிக்கொண்டால் அப்பா செய்த கட்டில் போனது போனதுதான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயிற்றெரிச்சலோடு குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

கொண்டை ஊசியை உருவி, கட்டில் காலில் துளைக்குப் பக்கத்தில் சுரண்டினேன். மெழுகு உதிர்ந்து உள்ளேயிருந்து மூன்று வெட்டு வந்தது. சட்டங்களையும் சுரண்டிப் பார்த்து ஜோடி சேர்த்தேன். மாப்பிள்ளையை ஆப்பு அடிக்கச் சொன்னேன். கட்டில் அசையாமல் நின்றது.

"இதெல்லாம் ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குதுங்க" என்றேன். நாத்தனார் குழந்தையின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவள் முகத்துக்காகத்தான் அந்தப் பொய். என் மாமியாருக்காகவோ புருஷனுக்காகவோ இல்லை.

ஐந்தாம் மாதம் விழுப்புரம் திரும்பினேன். எங்கள் அறையில் கட்டில் நின்ற இடத்தில் பாய் விரித்திருந்தது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, மாமியார் ஆரம்பித்தாள்.

"கட்டிலப் பூச்சி அரிச்சிப் போச்சிம்மா. வெளிய போட்டுட்டோம். ஒங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொன்னா வேற ஒண்ணு செஞ்சி அனுப்ப மாட்டாரா?"

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். என் புருஷன் பக்கத்தில் நின்று சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பூச்சியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க அத்தை. நல்லாத்தான் இருக்குது. நான்தான் மாட்டிக் குடுத்துட்டு வந்தேன்" என்றேன்.

மாமியார் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அவர்தான் காலண்டரை விட்டுத் திரும்பினார்.

"நீயா மாட்டின?"

"ஆமா. உங்களுக்குக் கழட்டத்தானே தெரியும்."