அகழிக்குள் ஒரு பிட்ச்

இந்தக் கோடையில் மழையே இல்லை. ஹவுன்ஸ்லோ பக்கம் பஸ்ஸின் மேல்தட்டில் போகும்போது கவனித்தேன். பூங்காப் புல் முழுக்கக் காய்ந்து சாக்கு நிறத்தில் கிடக்க, ஒரு சதுரத்தின் மூன்று பக்கங்கள் மட்டும் பச்சைக் கோடாக ஓடின. உடனே மூக்கில் ஏறியது ஊறிப்போன டென்னிஸ் பந்தின் வாடை.

எந்தக் காலத்திலோ ஒரு நிலக்கிழார் தன் மாளிகையைச் சுற்றி வெட்டிய அகழி அது. மாளிகை போய்விட்டது. அகழி தூர்ந்து, முழங்காலளவு ஈரப் பள்ளமாக மிஞ்சியிருக்கிறது. ஞாயிறுதோறும் அதற்குள் கிரிக்கெட் ஆடிய எங்களுக்கு அப்போது அதுதான் பவுண்டரி. விழுந்தால் நான்கு, தாண்டினால் ஆறு. சேற்றில் துழாவிப் பந்தை எடுப்பது என் வேலை. பந்து பிடிக்கத் தெரியாதவனை வேறு எங்கே நிறுத்துவார்கள்?

கேப்டன் சிவம் அண்ணை விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தை நிரப்ப வேன் நிறைய மண்ணோடு வந்து நின்றார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எந்தப் பலகையைக் கண்டாலும் நின்று வாசிக்கிற வியாதி உண்டு.

"கொட்டாதீங்கண்ணே. இது பாதுகாக்கப்பட்ட இடம்னு போர்டுல போட்டிருக்கு. கை வச்சா கிரவுண்டையே பிடுங்கிடுவாங்க."

"பள்ளத்துக்குமோ சட்டம்? தம்பிக்கு அதுக்குள்ள நிண்டு நிண்டு பாசம் வந்திட்டுது!" என்றார் அண்ணை.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்தக் கிரவுண்ட் போனா ஞாயிறில நாங்கள் எங்க போறது?" என்றார். மண் திரும்பிப் போனது.

அதன்பின் அவர் அகழிக்குக் காவல்காரர் ஆனார். சிப்ஸ் உறை ஒன்று விழுந்தாலும் போட்டவனைத் திட்டி எடுக்கவைப்பார். கவுன்சிலிலிருந்து ஒரு பெண்மணி பார்வையிட வந்தபோது அவரே முன்னால் நடந்து சுற்றிக் காட்டினார். அந்த அம்மா மிகவும் பாராட்டினார். பிறகு, எங்கே விளையாடுகிறீர்கள் என்று கேட்டார்.

அண்ணை பெருமையோடு உள்ளே கையை நீட்டினார். புல்லைச் செதுக்கி, மேடு தட்டி, களிமண் பரப்பி, உருளை ஓட்டி நாங்கள் உண்டாக்கிய பிட்ச். மாளிகை நின்றது அங்கேதான். அஸ்திவாரம் அதன் அடியில். பலகையில் அதுவும் இருந்தது. பள்ளத்தில் நிற்பவனுக்குப் பள்ளம்தான் கண்ணில் படும் போலிருக்கிறது. இனி அங்கே மண்ணில் கை வைக்கக்கூடாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

"ஸ்டம்ப் அடிக்கவும் ஏலாதாமோ?" அண்ணை என்னிடம் கேட்டார்.

"முடியாதாம்ணே."

அவரே போய் ஸ்டம்புகளைப் பிடுங்கி, நுனி மண்ணைத் துடைத்தார். "அப்ப, வேலிக்குத்தான் காவல் இருந்திருக்கிறம். வீட்டு வளவுக்குள்ள நாங்களே கிண்டியிருக்கிறம்" என்றார்.

வேறு மைதானம் கிடைக்கவில்லை. ஷிப்ட், கல்யாணம், வீடு மாற்றம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

பஸ் திரும்பும்வரை அந்த மூன்று பச்சைக் கோடுகளுக்கு நடுவே பிட்சின் தடத்தைத் தேடினேன். அவ்வளவு இறுக்கி உருட்டிய தரை, இந்த வெயிலில் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே சாக்கு நிறம்.