எல்லோருக்கும் சமதூரம்

மணிமேகலையும் நானும் ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒன்றாகப் படித்தோம் என்றுதான் சொல்கிறேன்; ஒரே மாதிரி படித்தோம் என்று சொன்னால் கணக்கு வாத்தியார் எங்கிருந்தாலும் பிரம்போடு வந்துவிடுவார். கணக்கில் அவளுக்குத் தொண்ணூற்றெட்டு. என் மார்க்கை இங்கே எழுதுவதாக இல்லை.

முக்கோணம் ஒன்றைக் கொடுத்து அதன் மூன்று பக்கங்களுக்கும் மையக்குத்துக்கோடு வரையச் சொல்வார்கள். பக்கத்தின் சரிபாதியில் செங்குத்தாக நிற்கிற கோடு அது. மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். அந்தப் புள்ளி மூன்று முனைகளுக்கும் சமதூரம். நாங்கள் என்ன செய்வோம் என்றால், இரண்டு கோடுகளை வரைந்து, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்றாவதை அதன் வழியாக இழுத்துவிடுவோம். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அதில் நாற்பத்தொரு பேர் இந்தத் திருட்டைச் செய்தோம்.

மணிமேகலை மட்டும் மூன்றாவதையும் காம்பஸ் வைத்து முறையாக வரைவாள். அது மயிரிழை விலகினாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "அதுவா வந்து சேரணும், நாமளா இழுத்துட்டு வரக் கூடாது" என்பாள். முழுப் பரீட்சையில் இப்படி அழித்து அழித்து நேரம் போய், கடைசிக் கேள்வியை விட்டுவிட்டாள். நூறில் இரண்டு குறைந்த கதை இதுதான்.

பத்தாவது முடித்த மூன்றாம் வருடம் எங்கள் ஊசிக்கரைக்கே மருமகளாக வந்தாள். புருஷன் ஒச்சப்பன் செண்டுமல்லி போட்டு, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வண்டியில் கொண்டுபோகிறவர். இவள் வந்த வருடமே தோட்டத்தில் கயிறு கட்டி நாற்று நட வைத்தாள். நாற்று வரிசைகள் எல்லாம் இணைகோடுகளாக ஓடின. ஊர் முழுக்கச் சிரித்தோம். பூ என்னவோ எங்களைவிட அவளுக்குத்தான் கூடுதலாகப் பூத்தது. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல், ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூற்றாறு உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஒச்சப்பன் வீட்டார் மணிமேகலையை நிறுத்தினார்கள்; ஜெயித்து வார்டு மெம்பரும் ஆகிவிட்டாள். "சொல்ற எடத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார்களாம். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்கள். அவள் படித்துப் பார்க்காமல் மளிகைச் சீட்டில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை.

தொண்ணூற்றெட்டு கோடையில் எங்கள் வார்டுக்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டி வந்தது. ஒன்றே ஒன்று. எங்களுக்கோ மூன்று தெருக்கள்: மேலத்தெரு, கோயில் தெரு, நான் இருக்கிற சர்ச் தெரு. மூன்றும் தார்ரோட்டை ஒட்டி அடுத்தடுத்து இருக்கின்றன. அதுவரை பெண்கள் எல்லோரும் குடத்தோடு வண்டிப்பாதையில் நடந்து சடையாண்டி தோட்டத்துக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள். தொட்டியை எங்கே வைப்பது என்று கூட்டம் போட்டோம். முதல் கூட்டத்தில் இரண்டு நாற்காலி உடைந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு நாற்காலியே போடவில்லை.

ஓவர்சியர் அக்பர் அலி நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டே. "வெள்ளிக்கெழமைக்குள்ள மூணு தெருவும் ஒரே எடத்தைச் சொல்லி எழுதிக் குடுங்க. இல்லாட்டி தொட்டி பக்கத்து வார்டுக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டார்.

மணிமேகலை வீடு நடுவில், கோயில் தெருவில், கோயில் வாசலை ஒட்டி. மேலத்தெரு பொன்னழகு அதைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயது, ஆறு ஊருக்குக் கேட்கும் குரல்.

"இவ தன் வாசல்லதான் வைப்பா. பாருங்க, கட்டில்ல படுத்துக்கிட்டே கொடத்தை நெரப்புவா!"

மணிமேகலைக்கு முகம் சிவந்துவிட்டது. "மூணு தெருவுக்கும் சமதூரத்துல ஒரு எடத்தை நான் கணக்குப் போட்டுக் காட்டுறேன் அத்தை. என் வாசல் பக்கம் வந்துச்சுன்னா, இந்த மெம்பர் பதவியே எனக்கு வேண்டாம்" என்றாள்.

கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். புள்ளி சர்ச் பக்கம் விழட்டும் என்ற நப்பாசையில் நானும் போனேன். மேலத்தெரு வேப்பமரத்திலிருந்து கோயில் வாசலுக்கு இருநூற்றிருபது மீட்டர். கோயில் வாசலிலிருந்து சர்ச் மணிக்கூண்டுக்கு இருநூற்றறுபது. வேப்பமரத்துக்கும் மணிக்கூண்டுக்கும் நேர்க்கோட்டில் அளக்கக் குறுக்கே இருந்த மாட்டுக்கொட்டகை வழியாகக் கயிற்றை விட்டோம். மாடு என்னை முட்டியது, அவளை முட்டவில்லை.

காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டாள். ரோடு கோயிலுக்கு முன்னால் லேசாக வளைகிறது. "அந்த வளைவு மட்டும் இல்லாட்டி மூணு எடமும் ஒரே கோட்டுல வந்துரும். அப்பறம் குத்துக்கோடு மூணும் இணைகோடாப் போயிரும், எந்தக் காலத்துலயும் சேராது. நம்ம ஊருக்கு அதிர்ஷ்டம்தான்" என்றாள். அதிர்ஷ்டத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கோடுகள் நீண்டுகொண்டே போயின. தாள் தீர்ந்து, சோற்றுப் பருக்கை வைத்து இன்னொரு தாளை ஒட்டினோம். கடைசியில் இரண்டு கோடுகள் சேர்ந்தன. மூன்றாவது கொஞ்சம் தள்ளிப் போயிற்று.

"லேசா நகட்டி இழுத்து விடு மணி. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

அழித்தாள். மூன்று தடவை வரைந்தாள். நான் இரண்டு டீயும் ஒரு தூக்கமும் முடித்து வந்தபோது மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் நின்றன. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை பெற்றபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். புள்ளி ரோட்டிலிருந்து எத்தனை கயிறு தள்ளி என்று எண்ணினாளே தவிர, அது எங்கே போய் விழும் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஊரே திரண்டது. வேப்பமரத்துக்கும் கோயிலுக்கும் சரிபாதியில் ரோட்டில் முளை அடித்து, செங்குத்தாகத் திரும்பி, ஐம்பது மீட்டர் கயிற்றை வீசி வீசிப் போனோம். முன்னால் மணிமேகலை, கயிற்றின் வால் நான், பின்னால் மூன்று தெருப் பெண்களும் ஆண்களும். வெங்காயக் காட்டைத் தாண்டினோம். வாய்க்காலைத் தாண்டினோம். பத்தாவது கயிற்றுக்கு மேல் பின்னால் முணுமுணுப்பு தொடங்கியது. அதற்கப்புறம் ஆள் உயரச் சோளத்துக்குள் நுழைந்துவிட்டோம். யாரும் யாருக்கும் தெரியவில்லை. பொன்னழகின் குரல் மட்டும் கூடவே வந்தது.

பதினெட்டாவது கயிறு முடியச் சில மீட்டர் இருக்கும்போது சோளம் விலகியது. எதிரே ஒரு கிணறு. மணிமேகலையின் கால் துவைகல்லில் இடித்து நின்றது.

சடையாண்டி தோட்டத்துக் கிணறேதான். வண்டிப்பாதை வழியாக வராமல் சோளக்காட்டுப் பின்பக்கமாக வந்ததால் கடைசிவரை ஒருவருக்கும் பிடிபடவில்லை. வேப்பமரத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர், கோயிலுக்குத் தொள்ளாயிரம், சர்ச்சுக்குத் தொள்ளாயிரம். கணக்கு துளிகூடத் தப்பவில்லை. எங்கள் பெண்கள் இத்தனை வருடமாக எல்லோருக்கும் சமமான இடத்துக்குத்தான் தினமும் இரண்டு நடை நடந்திருக்கிறார்கள்.

முதலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்தேன். மணிமேகலை மட்டும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. தொட்டி கைவிட்டுப் போகப்போகிறது, தன் பிடிவாதத்தால் போகப்போகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. என் சிரிப்பு நின்றுபோனது.

சிரிப்பு அடங்கியதும் பொன்னழகு இடுப்பில் கைவைத்துக் கிணற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏ தாயி. பேசாம அந்தத் தொட்டிய ஒன் வாசல்லயே வையி."

மணிமேகலை தலையை ஆட்டினாள். "அது சமம் இல்ல அத்தை."

"சமத்தை வச்சு நான் என்ன பண்ண? இம்புட்டுத் தூரம் நடக்கிறதுக்கு எரநூறு மீட்டரு நடந்துட்டுப் போறேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏத்தா, மேலத்தெருவுக்கு எரநூத்தி இருவது, எங்க தெருவுக்கு எரநூத்தி அறுவதுல்ல? நாப்பது மீட்டரு கூடுதே!" என்றேன்.

என் மனைவி அறிவுச்செல்வி கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். "கொடத்தை நீங்களா தூக்குறீக? நான்தான தூக்குறேன்? எனக்குச் சம்மதம். பேசாமக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். இரண்டு கூட்டம் போட்டோமே, தண்ணீர் சுமக்கிற ஒருத்தியிடம்கூட எங்கே வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது.

மணிமேகலை அப்போதும் இறங்கி வரவில்லை. "வாக்குக் குடுத்திருக்கேன். வாசல்ல வச்சா நாளைக்கு நீங்கதான் அத்தை என்னயப் பேசுவீங்க."

"பேசத்தான் செய்வேன்" என்றாள் பொன்னழகு. "தண்ணி பிடிச்சுக்கிட்டே பேசுறேன்."

மணிமேகலை சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. துவைகல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பொன்னழகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பிப் பேப்பரையும் மையையும் கொண்டுவரச் சொன்னாள். முதல் கைநாட்டு அவளுடையது.