உப்பு விரலுக்கு வந்த ஹார்ட் அட்டாக்

ரொட்டி கடிக்கக்குள்ள

ரமீஸ் நானாவுக்கு ஹார்ட் அட்டாக் எண்டு ரத்தம் பார்க்கிற எங்கட பெட்டி காட்டக்குள்ள அவர் ரொட்டி கடிச்சிக்கொண்டு இருந்தார். புத்தளத்தில உப்பளத்துக் கொட்டில் ஒண்டிலதான் எங்கட பரிசோதனை. நெஞ்சு பழுதானா ரத்தத்தில ஒரு புரதம் கசியும். எங்கட நகத்தளவு சிப்புக்குள்ள வெளிச்சம் ஓடும், அந்தப் புரதம் வந்து ஒட்டினா வெளிச்சம் கொஞ்சம் மாறும், பெட்டி உடனே சொல்லிடும். என்ன அழகான சாமான் தெரியுமா! "காலையில இருந்து நெஞ்சு ஒரு மாதிரி, கேஸ்ட்ரிக்தான்" எண்டு சொல்லித்தான் ரமீஸ் நானா வந்திருந்தார். நான் பதறிப்போய் அம்புலன்ஸுக்கு ஃபோன் எடுக்கப் பார்க்க, அவரோட உப்பு அள்ளுற ஃபலீல் நானாவுக்கும் அதே முடிவு. அடுத்தவருக்கும் அதே.

"புள்ள, இந்த உப்பளத்தில ஒருத்தனும் இனி மிச்சமில்லயா?" எண்டார் ஃபலீல் நானா.

எனக்கும்தான்

என்ட விரலக் குத்திப் பார்த்தேன். எனக்கும் ஹார்ட் அட்டாக்! குத்தின விரல வாயில வைக்கிறது என்ட கெட்ட பழக்கம். வச்சா ஒரே உப்பு. காலையில உப்புக் குவியல்ல ஏறி ஃபோட்டோ எடுத்த கை அது. ரத்தத்துளியில உப்பு கலந்தாலும் வெளிச்சம் மாறும். ஸ்பிரிட்டால துடைச்சுத்தான் குத்தினோம், ஆனா ஸ்பிரிட்ல உப்பு லேசில கரையாதே! லேப்பில பார்க்கக்குள்ள இது தெரியவே இல்ல, அங்க யாரு உப்பு அள்ளின கையோட வாரது? பெட்டியச் செஞ்ச மதி அக்கா தலையில கை வச்சாங்க.

"எல்லாருக்கும் ஒரே நோய் வந்தா, நோய் பெட்டிக்குத்தான்டி."

கழுவின கை

(பஸ் வந்துட்டு. ஏறி இருந்துதான் மிச்சத்த டைப் பண்றேன்.) எல்லாரும் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம், திரும்பக் குத்தினோம். ஃபலீல் நானாவுக்கு ஒண்டுமில்ல. எனக்கும் ஒண்டுமில்ல. பெட்டி சொன்னது பொய்யெண்டு ஒரே சிரிப்பு, கைதட்டு. ரமீஸ் நானாவுக்கு மட்டும் அளவு இறங்கல்ல. புது சிப் போட்டேன், அப்பவும் இறங்கல்ல. "பெட்டி பொய் செல்லுதெண்டு இப்பதானே நீங்களே சிரிச்சீங்க" எண்டு சொல்லிட்டு அவர் கூடையத் தூக்கிட்டார். நான் பின்னால ஓடி ஓடி விளக்கம் குடுக்கிறேன், அவர் உப்புப் பாத்திப் பக்கம் நடக்கிறார். எனக்கு அழுகையே வந்துட்டு. ஃபலீல் நானாதான் போய் கூடையப் பறிச்சார்.

"பெட்டி கிடக்கட்டும் மச்சான், காலையில இருந்து நீ நெஞ்சத் தடவுறத நான் பார்த்துக்கிட்டுத்தானே இரிக்கேன், ஏறு த்ரீவீலர்ல!"

வார்ட்டில

ஆஸ்பத்திரியில உடனே படுக்க வச்சுட்டாங்க. பிந்தியிருந்தா கதை வேற எண்டு டொக்டர் சொன்னார். அடுத்த நாள் நான் பார்க்கப் போகக்குள்ள ரமீஸ் நானா சாய்ஞ்சிருந்து தோடம்பழம் உரிச்சிக்கொண்டு இருந்தார்.

"உங்கட பெட்டி முதல்ல ஒரு பொய் செல்லிச்சு, நான் கேஸ்ட்ரிக் எண்டு ஒரு பொய் சென்னேன், சரிக்குச் சரி புள்ள."

கண் மூடித் திறக்க முந்தி முடிவு சொல்ற சாமானத்தான் நான் தூக்கிட்டுத் திரியிறேன், அந்த முடிவ ஒரு மனுசனுக்கு நம்ப வைக்கத்தான் நாள் முழுக்கப் போகுது.