உஸ்திக்காத் தீவின் பருப்பு வயல்

இத்தாலியின் பலேர்மோ துறைமுகம், காலை 9.10. உஸ்திக்காத் தீவுப் படகுக்கு நிற்கிறேன். முன்னால் நிற்பவர் யாழ்ப்பாணத்துச் சிவா. அந்தத் தீவில் பருப்பு பயிரிடுகிறார். தொலைவிலுள்ள தீவு விவசாயிகளுக்கு ஐரோப்பா தரும் உதவி வேண்டுமானால், பயிரின் படத்தை அவர் இன்றே அனுப்பியாக வேண்டும்.

கைபேசியைக் காட்டுகிறார். பதினொரு படங்கள். பதினொன்றிலும் அவர் முகம்தான்.

“பயிர் எங்கே?”

“எனக்குப் பின்னாலை நிக்குது, அண்ணை. ஊருக்கு அனுப்ப எடுத்ததுகள்.”

விரலால் இன்னும் தள்ளுகிறார். பன்னிரண்டாவது படம் ஒன்று, அவர் மனைவி எடுத்தது. கழுத்துக்கு மேலே ஆளில்லை. காலைச் சுற்றி முழுக்கப் பருப்புச் செடி. அனுப்புகிறார். 9.24க்கு வேளாண் அலுவலகத்தின் பதில் வருகிறது: படம் சரி.

“தலையை வெட்டிப்போட்டாய் எண்டு நேற்று மனிசியை ஏசினனான். இப்ப என்னெண்டு முகத்திலை முழிக்கிறது?”

என்னை வரிசையில் இடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, இனிப்புக் கடைக்கு ஓடுகிறார்.